பாக்கு நீரிணையை நீந்திக் கடப்பவர் எதை நிரூபிக்கிறார்?

2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் திருகோணமலையைச் சேர்ந்த 13 வயதுப் பாடசாலை மாணவர் ஒருவர் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை நீந்தி வந்து கரையேறினார். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் பெருமிதத்தோடு சில கேள்விகளும் சேர்ந்தே எழுகின்றன. படகில் போகக்கூடிய கடலை உடலை வருத்தி நீந்திக் கடப்பதால் யாருக்கு என்ன பயன்? "எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள விரும்பினேன்" என்று நீச்சல்காரர்கள் சொல்கிறார்களே, தன்னைப் பற்றித் தனக்கே தெரியாதா? அதற்குக் கடலிடம் ஏன் போக வேண்டும்?

இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை காண, முதலில் அந்தக் கடலைப் பற்றியும், பின்னர் அதில் இறங்கும் உடலைப் பற்றியும், அதன் பிறகே "நிரூபித்தல்" என்பதைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

## நீரிணை என்பது எது

பாக்கு நீரிணை இலங்கையின் வட பகுதியையும் தமிழ்நாட்டையும் பிரிக்கும் ஆழமற்ற கடல். நீந்திக் கடப்பவர்கள் பெரும்பாலும் தெரிவு செய்வது தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வழியையே. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இரு நாட்டு ரயில்களையும் இணைத்த கப்பல் ஓடியதும் இந்த வழியில்தான். வடமராட்சிக் கரையிலிருந்து கோடியக்கரைக்குச் செல்லும் மற்றைய வழி இதைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளமானது.

30 கிலோமீற்றர் என்ற எண்ணிக்கை கரையில் நிற்பவருக்குச் சிறியதாகத் தோன்றலாம். நன்கு பயின்ற ஒருவர் மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் நீந்தினால் 10 மணிநேரம் ஆகும். நிமிடத்துக்கு 60 முறை கை வீசுபவர் அந்த 10 மணிநேரத்தில் 36,000 முறை கை வீசுகிறார். இக்கணக்கு நீர் அசையாமல் இருந்தால் மட்டுமே பொருந்தும். பக்கவாட்டில் மணிக்கு ஒரு கிலோமீற்றர் வேக நீரோட்டம் இருந்தாலே, அதைக் கவனியாமல் நேரே நீந்துபவர் 10 மணிநேர முடிவில் தான் எண்ணிய இடத்திலிருந்து 10 கிலோமீற்றர் விலகியிருப்பார். ஆகவே வரைபடத்தில் உள்ள தூரமும் கையால் நீந்தும் தூரமும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆழமின்மையை எளிமை என்று எண்ணிவிடவும் கூடாது. ஆழமற்ற நீரில் காற்று எழுப்பும் அலைகள் குறுகியனவாகவும் செங்குத்தாகவும் ஒன்றையடுத்து ஒன்று விரைவாகவும் வரும். மூச்சு எடுக்கத் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் வாயில் உப்புநீர் அடிக்கும். வாடைக்காற்றுக் காலம் முடிந்து தென்மேற்குக் காற்று வலுப்பதற்கு முன்னுள்ள மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் பெரும்பாலான முயற்சிகள் நடக்கின்றன. சர்வதேசக் கடல் எல்லையைக் கடக்க வேண்டியிருப்பதால் இரு நாட்டு அதிகாரிகளின் அனுமதியும் தேவை. எனவே நாளைத் தள்ளிப்போடும் சுதந்திரமும் குறைவு.

## முன் சென்றவர்கள்

தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வடமராட்சியிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திச் சென்று, இந்நீரிணையைக் கடந்த முதல்வர் என்ற பெயரைப் பெற்றார். 1966 ஏப்ரலில் இந்தியாவின் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணிநேரத்துக்கும் மேலாக நீந்தினார். வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன், மக்களின் வாயில் ஆழிக்குமரன் ஆனந்தன், 1971 இல் இந்நீரிணையை நீந்திப் போய்த் திரும்பி 51 மணிநேரத்தில் முடித்தார். 1994 இல் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் 12 வயதில் கடந்தார். 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 28 மணிநேரம் எடுத்தார்.

இந்த வரிசையில் ஒரு செய்தி இருக்கிறது. 1954 இல் நவரத்தினசாமி இறங்கியபோது "மனிதரால் முடியுமா" என்ற கேள்விக்கு விடை இல்லை. அந்தக் கேள்வியை அவர் தீர்த்துவிட்டார். அவருக்குப் பின் இறங்கும் எவரும் மனிதகுலத்துக்குப் புதிதாக எதையும் நிரூபிப்பதில்லை. எஞ்சியிருப்பது ஒரே கேள்வி: "என்னால் முடியுமா?" இதற்கு வேறொருவர் நீந்தி விடை சொல்ல இயலாது. "ஏற்கெனவே பலர் செய்த காரியம்தானே" என்ற குறை இவ்விடத்தில் பொருந்தாமல் போவது அதனால்தான்.

## உடலுக்கு என்ன நேர்கிறது

இப்பகுதியைச் செய்தி அறிக்கைகள் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றன. கரையேறும் படமும் மாலையும் வருகின்றன. நடுவில் கழிந்த மணிநேரங்கள் வருவதில்லை.

முதலாவது, வெப்பம். வெதுவெதுப்பான கடல் பாதுகாப்பானது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. கடுமையாக உழைக்கும் தசைகள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. நிலத்தில் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது, நீருக்குள் அது நடப்பதில்லை. 2010 ஒக்டோபரில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் புஜைராவில், மிகவும் சூடான கடலில் நடந்த 10 கிலோமீற்றர்ப் போட்டியில் அமெரிக்காவின் முன்னணி வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்தார். அதன் பின்னரே சர்வதேசப் போட்டிகளில் நீரின் வெப்பநிலை 31 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது என்ற விதி வந்தது. நமது கடல்கள் மார்ச், ஏப்ரலில் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இல்லை.

இரண்டாவது, குளிர். முன்னதற்கு முரணாகத் தோன்றினாலும் இதுவும் உண்மையே. நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்துகிறது. ஆரம்பத்தில் வெப்பத்தால் வாடியவர், பல மணிநேரங்களின் பின்னர் களைத்து வேகம் குறைந்ததும், அதுவும் இரவாக இருந்தால், 28 பாகை நீரிலேயே நடுங்கத் தொடங்கலாம்.

மூன்றாவது, உணவும் நீரும். அரை மணிநேரத்துக்கு ஒரு முறையாவது படகிலிருந்து கயிற்றிலோ கம்பிலோ கட்டிக் கொடுக்கப்படும் பானத்தை, படகைத் தொடாமல் மிதந்தபடி அருந்த வேண்டும். குறைவாக அருந்தினால் உடல் வறளும். உப்புச் சேராத வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறி அருந்தினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். விழுங்கிய கடல்நீர் குமட்டலைத் தருகிறது, நாக்கு தடித்துப்போகிறது, அக்குளும் கழுத்தும் உராய்ந்து புண்ணாகின்றன, சொறிமீன்கள் வேறு. தோள்மூட்டின் வலியை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை, 36,000 என்ற எண்ணே அதைச் சொல்லிவிடும்.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமானது, எந்தக் கணத்திலும் நிறுத்திவிடலாம் என்ற வசதி. படகு கை எட்டும் தூரத்தில் வருகிறது. தொட்டால் போதும், எல்லா வலியும் முடிந்துவிடும். அந்தப் படகைத் தொடாமல் அதன் அருகிலேயே நாள் முழுவதும் நீந்துவதுதான் இந்தச் சவாலின் உண்மையான உள்ளடக்கம் என்பது என் கருத்து.

## எப்போது ஒரு சவால் சோதனையாகிறது

கடினமான எல்லாக் காரியங்களும் ஒருவரைப் பற்றி எதையாவது நிரூபித்துவிடுவதில்லை. உளவியல் ஆய்வுகளையும் நெடுந்தூர நீச்சலின் விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சவால் சோதனை என்ற பெயருக்குத் தகுதி பெறச் சில நிபந்தனைகள் தேவைப்படுகின்றன.

1. தோல்விக்கு உண்மையான இடம் இருக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜோன் அட்கின்சன் 1950களில் முன்வைத்த விளக்கத்தின்படி, சாதிக்கும் ஆர்வம் மிக்கவர்கள் மிக எளிதானதையும் முடியவே முடியாததையும் விட்டு, வெற்றியும் தோல்வியும் சம அளவில் சாத்தியமான நடுத்தரக் கடினத்தையே நாடுகிறார்கள். தோல்வியை அஞ்சுபவர்களோ இரு முனைகளில் ஒன்றை நாடுகிறார்கள். எளிதானதில் தோற்கமாட்டார்கள், முடியாததில் தோற்றாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அளவுக்கு மீறிய சவாலை ஏற்பதும் சில வேளைகளில் சோதனையிலிருந்து ஒளிந்துகொள்ளும் வழியாக இருக்கலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

2. நிபந்தனைகள் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஆங்கிலக் கால்வாய் நீச்சலிலிருந்து உலகெங்கும் பரவிய மரபு இது: சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, மிதக்கவோ வெப்பத்தைப் பேணவோ உதவும் உடை கூடாது, படகையோ மனிதரையோ பற்றிக்கொள்ளக் கூடாது, உலர்ந்த கரையில் தொடங்கி உலர்ந்த கரையில் முடிக்க வேண்டும். நடுக்கடலில் களைத்த மனம் விதிகளைத் தனக்கேற்ப வளைக்கும். "ஒரு நிமிடம் படகைப் பிடித்தால் என்ன" என்ற கேள்விக்குரிய விடை கரையில் வைத்தே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

3. சாக்குகள் முன்னரே நீக்கப்பட வேண்டும். ஸ்டீவன் பேர்க்லாஸ், எட்வேட் ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1978 இல் ஒரு பழக்கத்தை விவரித்தனர்: தம் திறமையில் ஐயம் உள்ளவர்கள், சோதனைக்கு முன்னர் தாமே தமக்குத் தடை ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறார்கள். முந்தைய இரவு உறங்காமல் இருப்பது, பயிற்சியைத் தவறவிடுவது போன்றவை இதில் அடங்கும். தோற்றால் பழி தடையின் மேல் விழும்; வென்றால் பெருமை இரட்டிப்பாகும். ஆனால் சோதனைக்குரிய கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காது. முழுமையாகத் தயாராகி வந்து தோற்பது வலிக்கும் என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே "எனக்கு நானே நிரூபிப்பேன்" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு.

4. வெளியேற வழி இருக்க வேண்டும். இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்.

கப்டன் மத்தியூ வெப் என்ற ஆங்கில மாலுமி 1875 ஓகஸ்ட் 12 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்க இறங்கி, காலநிலை மோசமானதால் முயற்சியைக் கைவிட்டுப் படகேறினார். 12 நாள்களின் பின்னர் மீண்டும் இறங்கி 21 மணிநேரம் 45 நிமிடங்களில் பிரான்சை அடைந்தார். துணைக்கருவி எதுவும் இன்றி அதைக் கடந்தவர்களில் அவரே முதல்வராக அறியப்படுகிறார். முதல் முறை நிறுத்தியதால் அவருடைய துணிவு குறைந்துவிடவில்லை. நிறுத்த முடிந்ததாலேயே இரண்டாவது முயற்சி சாத்தியமானது. அதே வெப், 1883 ஜூலையில் நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழே பாறைகளுக்கிடையே பாயும் சுழல்நீரில் நீந்த முயன்று உயிரிழந்தார். அந்த நீரில் இறங்கிய பின் நிறுத்துவதற்கோ படகேறுவதற்கோ வழியில்லை. திரும்ப வழியில்லாத இடத்தில் மனவுறுதிக்கு வேலையும் இல்லை. அங்கே உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் தற்செயலைப் பொறுத்தது. ஆகவே அபாயம் கூடக் கூட நிரூபணத்தின் மதிப்பும் கூடும் என்று இளைஞர்கள் எண்ணுவது தவறு. பாலத்திலிருந்து குதிப்பதும், மழைக்கால வெள்ளத்தில் ஆற்றைக் கடப்பதும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

எல்லா ஏற்பாடுகளும் இருந்தும் கடல் ஒருவரைக் கொண்டுபோவது உண்டு. ஆழிக்குமரன் ஆனந்தன் 1984 ஓகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திய மனிதர் அவர். அவரை நினைவுகூரும் நாம், அந்த நாளையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

## தனக்கு நிரூபிப்பதற்கு மற்றவர் சாட்சி எதற்கு

பலருக்கும் புரியாத இடம் இது. தனக்காக நீந்துபவருக்கு மேற்பார்வையாளரும், நேரப் பதிவும், இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவியின் தடமும் ஏன் தேவை? அவை விளம்பரத்துக்கானவை என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

நெடுந்தூர நீச்சலின் மேற்பார்வையாளர் நீச்சல்காரரின் குடும்பத்தினராகவோ பயிற்றுநராகவோ இருக்கக் கூடாது என்பது நல்ல மரபு. அவர் படகில் அமர்ந்து நேரம், இடம், காற்று, நீரின் வெப்பநிலை, கைவீச்சின் எண்ணிக்கை, உணவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வருகிறார். இந்தப் பதிவு ஊருக்குப் பயன்படுவதைவிட நீச்சல்காரருக்கே அதிகம் பயன்படுகிறது. 8 ஆவது மணிநேரத்தில் தான் எப்படி நீந்தினேன் என்பது களைத்த மூளைக்கு நினைவிருக்காது. நினைவிருப்பதாகத் தோன்றுவதும் பிறகு ஆசைக்கேற்பத் திருத்தப்படும். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை அறிந்தவரே சாட்சியைக் கூட்டிச் செல்கிறார்.

பார்வையாளர் கூட்டம் இதிலிருந்து வேறுபட்டது. சாட்சி நடந்ததைக் குறிக்கிறார். கூட்டம் நடக்க வேண்டியதை எதிர்பார்க்கிறது. கரையில் மேளமும் பதாகையும் காத்திருக்கின்றன என்று தெரிந்தால், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவது கடினமாகிறது. ஏற்கெனவே செலவழித்த பணமும் உழைப்பும் வீணாகிவிடும் என்ற எண்ணம் மனிதர்களைத் தவறான முடிவில் பிடித்துவைத்திருக்கும் என்பது பொருளியலிலும் உளவியலிலும் நன்கு அறியப்பட்ட விடயம். வரவேற்பு ஏற்பாடுகளை நீச்சல் முடிந்த மறுநாளுக்கு வைத்துக்கொள்வது, செய்வதற்கு எளிதான, உயிரைக் காக்கக்கூடிய ஒரு மாற்றம்.

## சவால் யாருடையது

1971 இல் எட்வேட் டெசி என்ற உளவியலாளர் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புதிர்க் கட்டைகளைக் கொடுத்து ஓர் ஆய்வு செய்தார். ஒரு குழுவினருக்குப் புதிரைத் தீர்த்தால் பணம் கொடுக்கப்பட்டது. பணம் நின்ற பின்னர், ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரில் காட்டிய ஆர்வம் குறைந்திருந்தது. வெளியிலிருந்து வரும் பரிசு உள்ளிருந்து வரும் விருப்பத்தை இடம்பெயர்த்துவிடலாம் என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது.

சிறுவர்களைப் பொறுத்தவரை இது முக்கியமானது. 1988 இல் 11 வயதுச் சிறுவர் ஒருவர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதன் பின்னர் அங்கு குறைந்தபட்ச வயது விதிக்கப்பட்டது. இன்று அது 16. திறமையுள்ள சிறுவர்கள் நீந்தவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. பெற்றோரும் பயிற்றுநரும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நடுக்கடலில் "எனக்குப் போதும்" என்று பிள்ளை சொன்னால், அந்தச் சொல்லுக்கு யாரும் முகம் சுழிக்காமல் கையை நீட்டிப் படகில் ஏற்றுவோமா? ஆம் என்று உடனே சொல்ல முடிந்தால் சவால் பிள்ளையுடையது. தயங்கினால் அது பெரியவர்களுடையது, உடல் மட்டுமே பிள்ளையுடையது.

## கரையேறிய பின் மிஞ்சுவது

உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977 இல் "தன்னாற்றல் நம்பிக்கை" என்ற கருத்தை விளக்கினார். ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்ய இயலும் என்று ஒருவர் தன்னைப் பற்றிக் கொள்ளும் நம்பிக்கையே அது. அதற்கு அவர் நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறரின் ஊக்கச் சொற்கள், உடலும் உள்ளமும் அவ்வேளை இருக்கும் நிலை. இவற்றில் மிக வலிமையானது முதலாவது. நமது ஊரின் மாணவர் ஒருவர் கடந்தார் என்ற செய்தி மற்ற மாணவர்களுக்கு இரண்டாவது ஊற்றாகப் பயன்படுகிறது. அவர்கள் தாமே நீரில் இறங்கினால்தான் முதலாவது கிடைக்கும்.

இந்த நம்பிக்கைக்கு எல்லையும் உண்டு. நீரிணையைக் கடந்தவர் நீண்ட வலியைத் தாங்கவும், திட்டமிட்டு மாதக்கணக்கில் பயிலவும் தன்னால் முடியும் என்று அறிந்துகொள்கிறார். அதனால் அவர் பரீட்சையில் சித்தியடைவார் என்றோ, நல்ல மனிதராகிவிட்டார் என்றோ, கடந்து முடிக்காதவர் அவரைவிடக் குறைந்தவர் என்றோ ஆகிவிடாது. தன் மதிப்பு முழுவதையும் ஒரு நாளின் முடிவில் பணயம் வைப்பவர், வென்றாலும் அடுத்த சவால் வரை மட்டுமே அமைதியாக இருப்பார்.

## திருகோணமலைக் கடலில் தொடங்க விரும்புவோர்க்கு

நெடுந்தூர நீச்சலுக்குப் பழக இவ்வூர் நல்ல இடம். டச்சுக் குடாவின் வளைந்த கரையும் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளும் கரையை ஒட்டியே நீந்த இடம் தருகின்றன. ஆயினும் இங்குள்ள கடலுக்கென்று சில இயல்புகள் உண்டு.

1. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக நவம்பர் முதல் ஜனவரி வரை, கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது நீச்சல் தடாகத்துப் பயிற்சியே ஏற்றது.

2. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையோரக் கடல் கண்ணாடி போல் தெளிந்து கிடக்கும். இதுவே ஏமாற்றும் காலம். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் களைத்தவரை அது வெளியே தள்ளும். போகும்போது இலகுவாக இருந்த தூரம் திரும்பும்போது கடினமாகும். கரைக்கு இணையாக நீந்துவதும், காற்றை எதிர்த்து முதலில் நீந்தித் திரும்புகையில் அதன் துணையைப் பெறுவதும் பாதுகாப்பானவை.

3. கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கிறது. மழைக்குப் பின் மரக்கட்டைகளும் கலங்கல் நீரும் வரும். உள்துறைமுகத்தில் கப்பற் போக்குவரத்தும் கடற்படைத் தளமும் இருப்பதால் அனுமதியின்றி நீந்த இயலாது.

4. கரைவலை இழுக்கும் இடங்களில் கடற்றொழிலாளரிடம் கேட்ட பின்னரே இறங்க வேண்டும். எந்த மாதத்தில் நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்; துணைப் படகுக்கு அவர்களில் ஒருவரை அமர்த்துவதே சிறந்தது.

ஆங்கிலக் கால்வாயில் இறங்க விரும்புபவர் முதலில் 16 பாகைக்கு மேற்படாத குளிர்நீரில் 6 மணிநேரம் நீந்திக் காட்ட வேண்டும். பாக்கு நீரிணையை எண்ணுபவரும் அதேபோல் ஒரு தகுதி நீச்சலைத் தமக்கு வகுத்துக்கொள்ளலாம்: ஏப்ரலில், விடியற்காலையில் தொடங்கி, துணைப் படகுடன், கரையை ஒட்டி 6 மணிநேரம். நீரின் வெப்பநிலை 31 பாகையைத் தாண்டினால், சொன்ன நேரத்தில் பானத்தை அருந்த மறுத்தால், பெயரைக் கேட்டதும் தெளிவாகப் பதில் வராவிட்டால் நீச்சல் நிறுத்தப்படும் என்று முன்னரே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தத் தாள் படகில் இருக்கும் மேற்பார்வையாளரிடம் இருக்க வேண்டும். நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே உரியது.